பேசாப் படத்தில் ஒரு மனைவி

நான் நான்கு படங்களில் நடித்திருக்கிறேன். நான்கிலும் யாரும் பேசவில்லை. மிக நீளமான படம் பதினோரு நிமிடம். எல்லாமே அபுதாபியை ஒட்டிய முசஃபா தொழிற்பேட்டையில், ஒரு கராஜின் பின்பக்கம், கைப்பேசியில் எடுத்தவை. இதையெல்லாம் படம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு முன் பதினாறு வருடம் மேடையில் நின்றவள் நான். எது நடிப்பு, எது பொழுதுபோக்கு என்று எனக்குத் தெரியும். அவை படங்கள்தான். நான்காவது படத்தோடு எல்லாம் முடிந்தது. எப்படி முடிந்தது என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

மேடையில் நான் ஸ்திரீபார்ட். புதுக்கோட்டைக்கும் மதுரைக்கும் இடையில் இருக்கும் ஊர்களில் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய நாடகம் நடக்கும். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் நேருக்கு நேர் நின்று பாட்டாலும் பேச்சாலும் மோதிக்கொள்வார்கள். யார் தொண்டை தாங்குகிறதோ அவர் பக்கம்தான் கைதட்டல். மைக் இருந்தாலும், கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை எழுப்பி உட்காரவைக்கும் குரல் வேண்டும். எனக்கு அது இருந்தது. என் கணவர் அதே மேடையில் மிருதங்கம் வாசித்தார். ஒரு பங்குனியில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் என் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்து மிளகுப் பால் குடித்துக்கொண்டே இரண்டு மாதம் ஆடினேன். மதுரையில் காட்டியபோது குரல்வளையில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, பேசலாம், பாட்டை மட்டும் மறந்துவிடுங்கள் என்று அந்த டாக்டர் நல்லவிதமாகத்தான் சொன்னார்.

பேசலாம் என்றாரே தவிர, எப்படிப்பட்ட பேச்சு என்று சொல்லவில்லை. காற்றிறங்கிய டயரைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது என் குரல். நாடகத் தொழிலில் யாரும் உங்களை வேலையைவிட்டு நிறுத்த மாட்டார்கள். தேதி கேட்டு வரும் போன் நின்றுவிடும், அவ்வளவுதான். ஒரு சீசன் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, அபுதாபியில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வீட்டு வேலைக்கு வந்தேன். நாடகத்தில் இருந்ததைச் சொல்ல வேண்டாம், அப்படிச் சொன்னால் எந்த வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள் என்று திருச்சி ஏஜெண்ட் முன்பே எச்சரித்திருந்தார். சமையல் வேலை செய்தவள் என்று சொன்னேன். மேடம் நம்பினார். அவர்களுடைய ஆறு வயதுப் பெண் குழந்தை மட்டும் ஒருநாள் என்னைப் பார்த்து, ஆன்ட்டி வாய்ஸ் ஏன் ப்ரோக்கன் என்று கேட்டது.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவ். காலை எட்டு மணிக்குப் பஸ் பிடித்து முசஃபாவின் குடியிருப்புப் பகுதியான ஷாபியாவுக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு தமிழ் ஹோட்டலில் இட்லி சாப்பிட்டு, நம் ஊர்க்காரர்களின் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் எதிர்மேசையில் இருந்த ஒருவர் என்னை வெகுநேரம் பார்த்தார். எழுந்து வந்து, எங்கள் ஊர்த் திருவிழாவில் நீங்கள்தானே ஸ்திரீபார்ட் ஆடினீர்கள் என்று கேட்டார். இல்லை என்றேன். என் குரலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். கை கழுவிவிட்டு மறுபடியும் வந்தார்.

"அக்கா, குரலு போச்சுன்னா இல்லன்னு சொல்லிருவீங்களா? எங்க படத்துல குரலு வேணாம்க்கா. மொகம் போதும்."

அவர் ராமநாதபுரம் பக்கம். கராஜ் ஒன்றில் வெல்டர். நாற்பது வயது இருக்கும். வேலைக்கு நடுவே கைப்பேசியில் சின்னச் சின்னப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். படத்தில் பேச்சே வைக்காததற்கு அவரிடம் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, முசஃபாவில் எங்கே நின்றாலும் கிரைண்டர் சத்தமும் லாரிச் சத்தமும் கேட்கும், அங்கே குரலைப் பதிவு செய்யவே முடியாது. இன்னொன்று, அவர் தங்கியிருந்த லேபர் கேம்ப்பில் பட்டாணியர், வங்காளி, நேபாளி, மலையாளி என்று எல்லாரும் இருந்தார்கள். பேச்சு வைத்தால் கால்வாசிப் பேருக்குத்தான் புரியும். பேசாவிட்டால் எல்லாருக்கும் புரியும் என்றார்.

முதல் நாள் நான் நடித்ததை அவர் கைப்பேசியில் போட்டுக் காட்டினார். பேய் பிடித்தவள் மாதிரி இருந்தேன். மேடையில் ஒரு பார்வை நூறடி தாண்டிப் போக வேண்டும், அதற்காகக் கண்ணை உருட்டி, புருவத்தை ஏற்றி, கழுத்தையும் சேர்த்துத் திருப்புவோம். இங்கே கைப்பேசி ஒரு முழ தூரத்தில் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "செய்யாதீங்கக்கா, நெனைங்க. அது வந்துரும்" என்றார். அது எனக்குப் பிடிபட ஏழெட்டு வாரம் ஆனது. மேடம் வீட்டில் துணி தேய்க்கும்போது, பாத்திரம் துலக்கும்போது, குளியலறைக் கண்ணாடியில், எங்கே முடிந்தாலும் பழகினேன். கையை மெதுவாக அசைப்பது, மூச்சை நிறுத்திவைப்பது, ஒன்றும் செய்யாமல் நிற்பது. பதினாறு வருடம் கற்றதை ஒவ்வொன்றாகக் கழற்றிவைக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒரு நாள் கைப்பேசியில் என் முகத்தைப் பார்த்தபோது, அங்கே வேறொரு பெண் இருந்தாள். அவளுக்குக் குரல் போயிருக்கவில்லை. பேச விரும்பாதவள், அவ்வளவுதான். அன்று பஸ்ஸில் திரும்பும்போது நான் அடைந்த சந்தோஷத்தை மேடையில் அடைந்ததில்லை.

முதல் படத்தில் போன் வருமென்று காத்திருக்கும் பெண். இரண்டாவதில் முதலாளி வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடும் வேலைக்காரி. அதில் ஆறு நிமிடமும் நான் சாப்பிடுவது மட்டும்தான். மூன்றாவது சிரிப்புப் படம், போனில் சண்டை போடும் புருஷன் பெண்டாட்டி. படங்களை வெட்டி ஒட்டிக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர். அபுதாபியில் ஒரு டயர் கம்பெனியில் கணக்கு எழுதுபவர், என்னைவிட இளையவர், எதையும் இரண்டு முறை யோசித்துச் செய்பவர். ஆபீஸில் கழித்துப்போட்ட பழைய புரொஜெக்டர் ஒன்றையும் அவர்தான் கேட்டு வாங்கித் தந்தார். கேம்ப்பின் சாப்பாட்டு ஹாலில், வெள்ளைச் சுவரில் படம் ஓடும்.

லேபர் கேம்ப்புக்குள் பெண்களை விட மாட்டார்கள். அதனால் என் படத்தை ஆட்கள் பார்ப்பதை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. வெல்டர் சுவருக்குப் பக்கத்தில் நின்று, பார்ப்பவர்களின் முகங்களை எடுத்து எனக்கு அனுப்புவார். தட்டில் கை வைத்தபடி அப்படியே நிறுத்திவிட்ட ஒரு நேபாளி. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழுந்து நின்ற ஒரு வயதான பட்டாணி டிரைவர். நான் நின்றுகொண்டு சாப்பிடுவதைப் பார்த்துத்தான் அவர் எழுந்து நின்றார். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது படத்துக்கு வெல்டர் வைத்திருந்த கதை இது. ஒரு தொழிலாளி இங்கே செத்துப்போகிறான். உடலைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். அவனுக்குக் கடைசியாகச் சட்டை போட்டுவிட இங்கே சொந்தக்காரர் யாருமில்லை. கூட வேலை செய்கிறவர்கள் தயங்கி நிற்கும்போது, அவன் மனைவி கடல் கடந்து வந்தது போல அந்த ஒர்க்‌ஷாப்புக்குள் நடந்து வருகிறாள். யாரும் அவளைப் பார்ப்பதில்லை. அவள் உடுத்திவிட்டுப் போய்விடுகிறாள். பெட்டியை மூடுகிறார்கள்.

இறந்தவனாக நடிக்க வந்தவர் சாரம் கட்டும் வேலை செய்பவர். அறந்தாங்கிப் பக்கம் ஏதோ கிராமம். மூன்றாவது படத்தில் எனக்குப் புருஷனாக வந்து சண்டை போட்டவரும் அவர்தான். அமைதியான மனிதர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். செத்தவனுக்குப் போட நல்ல சட்டை ஒன்று வேண்டும் என்றபோது, தன் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்தார். கோயிலுக்குப் போகும்போது மட்டும் போடுவது என்று சொன்னார். மூக்கில் பஞ்சு வைத்தோம். பலகையில் படுத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. நான்கு முறை நிறுத்தி நிறுத்தி எடுத்தோம்.

ஐந்தாவது முறை சிரிக்கவில்லை. நான் தலைமாட்டில் நின்று அவர் கையை உயர்த்தி, சட்டைக்குள் நுழைத்தேன். அந்தக் கை உண்மையாகவே கனத்தது. வெல்டர் என்னிடம் சொல்லியிருந்தது, சட்டை போட்டு முடித்ததும் நெற்றியைத் தொட்டுவிட்டு அழ வேண்டும் என்று. நான் அழவில்லை. கீழேயிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு வந்தேன். கழுத்துப் பொத்தானைப் போட்டேன். உடனே அதைக் கழற்றிவிட்டேன், இறுக்கமாக இருக்குமே என்று. பிறகு காலரைச் சரிசெய்தேன். வெல்டர் நிறுத்தச் சொல்லவே மறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் என் கணவருக்கு நான் அப்படித்தான் செய்தேன். அவருக்குக் கழுத்து இறுகினால் பிடிக்காது, மிருதங்கம் வாசிக்கும்போது மேல் பொத்தானைத் திறந்தே வைத்திருப்பார். ஒர்க்‌ஷாப்பில் அதைச் செய்தபோது நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் தெரிந்தது.

படம் தயாரானதும் யாழ்ப்பாணத்துப் பெண் ஒன்று சொன்னார். அவர் சொன்னதை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

"தொடக்கத்தில ஒரு வரி போடுங்கோ. இது கற்பனை எண்டு. வேற ஒண்டும் வேண்டாம்."

எந்த மொழியில் போடுவது என்று வெல்டர் கேட்டார். ஐந்து மொழியிலும் போடலாம் என்றார் அவர். எழுத்து வந்தால் படம் கெட்டுவிடும் என்றார் வெல்டர். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் முகத்துக்கு முன்னால் எழுத்து வருவதில் எனக்கும் விருப்பமில்லை. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேம்ப்பில் படம் ஓடியது. செத்தவனாக நடித்தவர் அதைப் பார்க்கவில்லை. அவரை முந்தின நாளே மூன்று மணி நேரத் தூரத்திலுள்ள புஜைராவுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். எண்ணெய்த் தொட்டி ஒன்றை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை, பன்னிரண்டு மணி நேர டியூட்டி. உள்ளே கைப்பேசி கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கிப் பூட்டிவைத்துவிடுவார்கள். படத்தை எங்கள் ஆட்கள் இருந்த வாட்ஸாப் குழுவில் மட்டும்தான் போட்டோம். வெளியே விட வேண்டாம், இங்கே அனுமதியில்லாமல் படம் எடுப்பது பிரச்சினையாகிவிடும் என்று வெல்டர் சொல்லித்தான் போட்டார். ஆனால் யாரோ அதில் அரை நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, நம் ஊர்க்காரன் எப்படி நடித்திருக்கிறான் பார் என்று காட்டத்தான். அந்த அரை நிமிடத்தில் கூட நின்றவர்கள் இல்லை, நான் நடந்து வருவது இல்லை. பஞ்சு வைத்த மூக்கோடு அவர் படுத்திருக்கிறார். நான் பொத்தான் போடுகிறேன்.

சனிக்கிழமை காலையில் அது அவருடைய கிராமத்துக்குப் போனது. டீக்கடையில் ஒருவர் கைப்பேசியிலிருந்து இன்னொருவருக்கு. வெளிநாட்டில் இறந்துவிட்டார் என்று யாரோ கீழே இரண்டு வரி சேர்த்திருந்தார்கள். பார்த்தவர்கள் அவருக்குப் போன் செய்தார்கள். எடுக்கவில்லை. மனைவி செய்தார். எடுக்கவில்லை. அவருடைய அப்பா கடைவீதியில் இருந்தபோது ஒருவர் துக்கம் விசாரித்திருக்கிறார். என்ன துக்கம் என்று தெரியாமல் அவர் விழித்தபோது, கைப்பேசியைக் காட்டியிருக்கிறார்கள். அவர் அதை இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தாராம். அங்கேயே உட்கார்ந்தவரை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலம் உயிர் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு இது எதுவும் தெரியாது. பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய நாடகக்காரர்களின் குழுவில் ஒரு வீடியோ வந்திருந்தது. திறந்தால் நான். வெளிநாட்டில் இறந்த கணவருக்குக் கடைசிச் சட்டை அணிவிக்கும் மனைவி என்று எழுதியிருந்தது. என்னோடு பத்து வருடம் ஆடிய ராஜபார்ட் அதன் கீழே, பார்க்க முடியலை, பாவம் அந்தப் பொண்ணு என்று போட்டிருந்தார். அவருக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. என் முதல் உணர்ச்சி பெருமைதான். இதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. கட்டிலில் உட்கார்ந்து அதை இன்னொரு முறை போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துப் பெண்ணின் போன் அப்போதுதான் வந்தது.

புஜைராவில் சாரம் கட்டுபவர் அன்று காலைதான் கைப்பேசியைத் திறந்து பார்த்தார். சனிக்கிழமை வேலை முடிந்து வெளியே வந்தபோது சார்ஜ் இல்லை, அப்படியே தூங்கிவிட்டிருந்தார். எத்தனையோ தவறிய அழைப்புகள். மனைவிக்குப் போட்டிருக்கிறார். அவர் குரலைக் கேட்டதும் மனைவி, "மாமா போயிட்டாக" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் உயிரோடு இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அவருடைய பாஸ்போர்ட் கம்பெனியின் அபுதாபி ஆபீஸில் இருந்தது. ஷட்டவுன் முடியாமல் யாரையும் விட முடியாது என்று சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். இறந்த அப்பாவுக்கு இவர் ஒரே மகன். ஊரில் அதற்குமேல் வைத்திருக்க முடியாமல் அன்று மதியமே தூக்கினார்கள். தங்கை மகன் கொள்ளி வைத்தான். இவர் கவரால் என்கிற வேலை உடுப்போடு வேலையிடத்து வாசலுக்கு வெளியே நின்று வீடியோ காலில் பார்த்தார். வெயிலில் திரை சரியாகத் தெரியாமல், தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கைப்பேசியோடு சேர்த்துத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு பார்த்ததாகக் கூட இருந்தவர் சொன்னார்.

காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி முதன்முதலாகக் கேட்ட கேள்வி அப்பாவைப் பற்றி இல்லை. அந்தப் பொம்பளை யார் என்பதுதான். படம் என்று சொன்னார். அவள் நம்பவில்லை. வெல்டர் பேசினார். அது நடிப்பு, அந்த அம்மா நாடகத்தில் பெரிய ஸ்திரீபார்ட், வேண்டுமானால் ஊரில் விசாரித்துப் பாருங்கள் என்று நல்லது செய்வதாக நினைத்துச் சொல்லிவிட்டார். அதுவரை யாரோ ஒருத்தியாக இருந்த நான் நாடகக்காரி ஆனேன். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. முழுப் படத்தையும் அனுப்பினார்கள். அதைப் பார்த்த பிறகு இன்னும் மோசமானது. மூன்றாவது படமும் யார் மூலமாகவோ அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாகச் சண்டை போடுகிறோம்.

இதற்கிடையே மேடமும் வீடியோவைப் பார்த்துவிட்டார். அவர் கத்தவில்லை. குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு, உன் ஸ்பான்சர் நாங்கள், போலீஸ் வந்தால் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும் என்றார். நாடகத்தில் இருந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சொல்லியிருந்தால் வேலை கொடுத்திருப்பீர்களா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. இனி முசஃபாவுக்குப் போகக் கூடாது, அத்தோடு முடிந்தது, கலாஸ் என்றார். சரி என்றேன்.

இரண்டு வாரம் கழித்துச் சாரம் கட்டுபவர் எனக்குப் போன் செய்தார். நீங்கள் ஒரு தடவை அவளோடு பேசினால் போதும் அக்கா என்றார். யாழ்ப்பாணத்துப் பெண் இன்னும் சிலரோடு தங்கியிருந்த அறையில், பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவருடைய கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வீடியோ காலில் பேசினேன். ஞாயிறு மதியம். அந்தப் பக்கம் ஒல்லியான பெண், முப்பது வயது இருக்கும், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் அவளுடைய அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. எந்த முறையும் வைக்கவில்லை.

என் குரலைக் கேட்டதும் லேசாக முகம் சுளித்தாள். இந்தக் குரலோடு நாடகமா என்று நினைத்திருக்க வேண்டும். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். எத்தனை பேர் சுற்றி நின்றார்கள், அவர் எத்தனை முறை சிரித்தார், வெல்டர் என்ன சொன்னார். அழுவதைப் போல நடிப்பது எங்கள் தொழில், வேண்டுமானால் இப்போதே அழுது காட்டுகிறேன் என்றேன். அப்படிச் சொன்னதற்காக இன்றும் கூசுகிறேன். அவள் தலையை ஆட்டினாள்.

"நீங்க எங்க அழுதீக? நான் எத்தன தடவ பாத்திருக்கேன். அழுகைய நடிக்கலாம். அந்தப் பொத்தானப் போட்டுட்டு மறுபடி கழட்டுனீகள்ல, அத எப்படி நடிச்சீக?"

என்னிடம் பதில் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, வெல்டரிடம்கூட. சொன்னேன். ஆஸ்பத்திரி, மிருதங்கம், கழுத்து இறுகினால் அவருக்குப் பிடிக்காது என்பது. நடிக்கிறேன் என்று நினைத்துவிடுவாளோ என்ற பயத்தில், பாதியில் வந்த அழுகையை விழுங்கினேன். நடிகையாக இருந்துவிட்டால் வருகிற தொல்லை இது. உண்மையாக அழும்போதுகூட எதிரே இருப்பவர் நம்புகிறாரா என்று ஓரக்கண் பார்க்கும்.

அவள் முழுதும் கேட்டாள். அவள் முகத்தில் இருந்த இறுக்கம் சற்றுத் தளர்ந்தது போல எனக்குத் தெரிந்தது. பின்னால் நின்ற அண்ணன் வெளியே போய்விட்டார்.

"உங்க வீட்டுக்காரர நெனச்சுக்கிட்டுத்தான் எங்க வீட்டுக்காரருக்குப் போட்டிருக்கீக" என்றாள். ஆமாம் என்றேன். "அந்தச் சட்ட நான் எடுத்துக் குடுத்தது" என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள்.

அவள் என்னை நம்பினாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நம்பியதால் ஒன்றும் சரியாகவில்லை. நாங்கள் திருட்டுத்தனமாக எதையும் செய்யவில்லை என்பது அவளுக்குப் புரிந்திருக்கும். ஆனால் அவள் புருஷனின் சாவை அவளுக்கு முன்னால் நான் செய்து முடித்துவிட்டேன். நாளைக்கு அவளே செய்ய வேண்டி வரக்கூடிய ஒன்றை, அவள் எடுத்துக் கொடுத்த சட்டையை வைத்து, அவளைவிட நன்றாக. அதற்கு என்ன சமாதானம் சொல்வது?

வெல்டர் நான்கு படங்களையும் அழித்துவிட்டார். யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் இருந்ததையும் அழிக்கச் சொன்னார். அந்தப் பெண் எங்கள் யாரையும் குறை சொல்லவில்லை, ஒரு வரி போட்டிருக்கலாம் என்று ஒருமுறை மட்டும் சொன்னார். அந்த வருடக் கடைசியில் காண்டிராக்ட் முடிந்து ஊருக்குப் போன வெல்டர் திரும்பவில்லை. கட்டடங்களுக்கு கேட் அடித்துக் கொடுக்கிறாராம். ஆனால் அந்த அரை நிமிடம் அழியவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது எனக்கே அனுப்புகிறார்கள். ஒருமுறை ஏதோ விபத்தில் இறந்தவரின் மனைவி என்று வந்தது. இன்னொரு முறை இந்தியில், வேறு மாநிலத்துப் பெண் என்று. கீழே கைகூப்பிய படங்கள், அழுகிற முகங்கள். என் மேடை வாழ்க்கை முழுவதும் சேர்த்துப் பார்த்திருக்கும் கூட்டத்தைவிட அதிகம் பேர் பார்த்திருப்பார்கள். அவர்கள் யாருக்கும் நான் நடிகை இல்லை.

சாரம் கட்டுபவரைப் போன வருடம் பார்த்தேன். லீவ் முடிந்து ஊரிலிருந்து வந்திருந்தார். மேடம் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போயிருந்ததால் நான் பஸ் பிடித்துப் பர் துபாய் கோயிலுக்குப் போயிருந்தேன். பூ விற்கும் சந்தில் எதிரே வந்தார். முடி நரைத்திருந்தது. இரண்டு பேரும் ஒதுங்கி நின்றோம். அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். மனைவி நன்றாக இருப்பதாகச் சொன்னார். சண்டை ஒன்றும் இல்லை, ஆனால் லீவில் இருந்த நாற்பது நாளும் தான் மதியம் அசந்து தூங்கினால் வந்து தட்டி எழுப்பிவிடுவாள் என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்க முயன்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். யாரும் வேண்டுமென்று செய்யவில்லையே அக்கா என்றார். கோயிலுக்குப் போகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள்.

கைப்பேசியை எடுத்தார். தயங்கினார். "அக்கா, ஒங்க நம்பர அழிக்கணும்னு சொல்லியிருக்கா. ஒங்ககிட்டச் சொல்லாம அழிக்க மனசு வரல" என்றார்.

அழியுங்கள் என்றேன். என் எதிரிலேயே அழித்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார், நான் சந்தேகப்பட்டுவிடக் கூடாது என்பது போல. வருகிறேன் என்று சொல்லிவிட்டு, இப்போது வேலை புஜைராவில்தான், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வேகமாக நடந்தார். சந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் உள்ளே போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, அல் குபைபா பஸ் நிலையத்தில் அபுதாபி பஸ்ஸுக்கு வரிசையில் நின்றேன்.